பதினோராவது ஆள்

கனகலிங்கத்துக்கு யாப்பு, அதாவது சங்கங்களின் சட்டதிட்டம், என்றால் உயிர். மற்றவர்கள் சினிமா, சீட்டாட்டம், காணி பூமி என்று ஆளுக்கொன்றில் மனதைக் கொடுத்திருக்க, அவர் தன் மனதைக் கொண்டுபோய்ப் 'பிரிவு நான்கு, உபபிரிவு இரண்டு' என்பதற்குள் வைத்திருந்தார். லண்டனில் தமிழர்கள் ஒரு சங்கம் தொடங்கினால் மண்டபம் பிடிக்க முன்னமே கனகலிங்கத்தைப் பிடிப்பார்கள். அவர் பேனையும் கையுமாய் வந்து, தலைவர் செத்தால் யார், செயலாளர் கோபித்துக்கொண்டு போனால் யார் என்பது வரைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் தேநீரைத் தொடுவார்.

வேலையும் அதற்கேற்றதாய் வாய்த்திருந்தது. டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் நிலையம் ஒன்றில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பயணச்சீட்டு விற்கிறவர். ஒருமுறை அவருடைய சொந்த மச்சினன் அவசரத்தில் வரிசையில் நிற்காமல் பக்கவாட்டில் வந்து கையை நீட்டினான். கனகலிங்கம் ஏறெடுத்தும் பார்க்காமல் அவனை வரிசையின் கடைசிக்கு அனுப்பினார். வரிசையில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி அவரை நேர்மையான மனிதர் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். மச்சினன் அதற்குப் பிறகு பல மாதம் வீட்டுப்பக்கம் வரவில்லை. கனகலிங்கமோ கிழவி சொன்னதை வருடக்கணக்கில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தன் ஆட்களுக்குச் சலுகை காட்டுகிறவன் என்று ஒருவரும் தன்னைச் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. அவருடைய பெருமை அதுதான், அவரைக் கெடுத்ததும் அதுதான்.

எண்பத்தைந்தாம் ஆண்டில் அந்தச் சுற்றுப்போட்டி தொடங்கியது. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் ஓகஸ்ட் பாங்க் ஹொலிடே விடுமுறையில் கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சில் மைதானத்தில் கூடி, கல்லூரிக்குக் கல்லூரி உதைபந்தாடுவது என்று ஏற்பாடு. ஊரில் கல்லூரிகளுக்கிடையே இருந்த பகையெல்லாம் விமானம் ஏறி ஒரு குறையுமில்லாமல் வந்து சேர்ந்திருந்தது. கனகலிங்கம் நாவலடி இந்துக் கல்லூரி. ஊரிலும் அவர்தான் கோல்காப்பாளர், இங்கும் அவர்தான். லண்டன் முழுக்கத் தேடியும் நாவலடிக்குப் பத்துப் பேர்தான் தேறினார்கள். அந்தப் பத்துப் பேரிலும் ஒருவருக்கு முழங்கால் சரியில்லை.

பதினோராவது ஆளாய் அவருக்கு ஞாபகம் வந்தவன் றெஜினோல்ட். லண்டனுக்கு வந்த புதிதில் மனோர் பார்க் பகுதியில் ஒரே அறையில் அவரோடு கிடந்தவன். ஒரே ஹீட்டரை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் வைத்து, யார் பக்கம் திருப்புவது என்று இருவரும் சண்டை பிடித்த காலம் அது. இப்போது அவன் கலியாணம் கட்டி ஹவுன்ஸ்லோவில் இருந்தான். ஹீத்ரோ விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றுகிற வேலை. சின்ன வகுப்பிலிருந்து சென் கிளமென்ற்ஸ் என்ற கத்தோலிக்கக் கல்லூரியில் படித்தவன். உயர்தரக் கணிதத்துக்கு அங்கே ஆசிரியர் இல்லாமல் போனதால் கடைசி இரண்டு வருஷம் நாவலடிக்கு வந்து கனகலிங்கத்தோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்தவன்.

"நான் சென் கிளமென்ற்ஸ்காரனடா. உங்கட ஆக்கள் ஒத்துக்கொள்ளுவினமோ?" என்று அவன் கேட்டான். நாவலடியில் படித்தவன் எல்லாம் நாவலடிதான் என்று கனகலிங்கம் அடித்துச் சொன்னார். சென் கிளமென்ற்ஸுக்கு அப்போது லண்டனில் அணியே இல்லை. அதனால் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவும் இல்லை.

பச்சைச் சட்டையில் ஒன்பதாம் இலக்கத்தை அவனுக்குக் கொடுத்தார்கள். பெரிய ஓட்டக்காரன் என்று சொல்ல முடியாது. ஆனால் பந்து எங்கே வந்து விழும் என்று அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. மற்றவர்கள் மூச்சு வாங்க ஓடிப்போய்ச் சேர்கிற இடத்தில் அவன் முன்னமே நிற்பான். கோல் அடித்தால் துள்ளமாட்டான். கூட விளையாடுகிறவர்கள் அவனைக் கட்டிப்பிடிக்க ஓடிவர, அவன் மைதானத்தின் மறுகோடியில் தனித்து நிற்கிற கனகலிங்கத்தைப் பார்த்து ஒரு கையைத் தூக்குவான். கனகலிங்கமும் தன் கையுறை போட்ட கையைத் தூக்குவார். பிறகு அவன் சொக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்துபோவான். ஆட்டம் முடிந்ததும் அழுக்குச் சட்டைகளெல்லாம் ஒரு மூட்டையாய்க் கனகலிங்கம் வீட்டுக்குப் போகும். அவருடைய மனைவி சிவமலர் முணுமுணுத்துக்கொண்டே அவற்றைத் தோய்த்து, அடுத்த வருஷத்துக்கு மடித்து வைப்பாள்.

சென் கிளமென்ற்ஸ்காரர்கள் லண்டனில் அணி சேர்த்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. அவர்களுடைய பொறுப்பாளர் கிறிஸ்துராஜா நேரே ஹவுன்ஸ்லோவுக்குப் போய் றெஜினோல்டைத் தங்களோடு வரச்சொல்லிக் கேட்டார். சின்ன வகுப்பிலிருந்து படித்த கல்லூரி, ஒரே கோயில் ஆட்கள், பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிப் பழக்கம். கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. றெஜினோல்ட் மறுத்துவிட்டான். கனகலிங்கம் ஆள் இல்லாத நேரத்தில் கூப்பிட்டவன், இப்போது என் சொந்தக் கல்லூரிக்கு அணி வந்துவிட்டது என்பதற்காக அவனை விட்டுவிட்டு வரமுடியாது என்று சொன்னானாம்.

அந்த வருஷம் இறுதிப்போட்டி நாவலடிக்கும் சென் கிளமென்ற்ஸுக்கும்தான். விழுந்தது ஒரேயொரு கோல். அதை அடித்தவன் றெஜினோல்ட். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் தேநீர் குடிக்கிற இடத்தில் அவனோடு ஒருவரும் கதைக்கவில்லை. அவனுடைய மனைவி அருமைநாயகி போய் உட்கார்ந்த மேசையில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராய் எழும்பிப் போனார்கள். இதை றெஜினோல்ட் பெரிய பகிடியாய்க் கனகலிங்கத்துக்குச் சொல்லிச் சிரித்தான். கனகலிங்கமும் சேர்ந்து சிரித்தார். அருமைநாயகி சிரித்தாளா என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை.

தொண்ணூறுகள் பிறந்ததும் போட்டியின் நிறம் மாறியது. ஊரில் சண்டை இறுக, இளம் பெடியன்கள் அகதிகளாய் வந்து இறங்கினார்கள். பழையவர்களுக்கு வயிறு வைத்த நேரத்தில் இவர்கள் காற்றாய்ப் பறந்தார்கள். வெண்கரை மத்திய கல்லூரிக்குக் குகதாசன் என்று ஒருவன் வந்து சேர்ந்தான். இடது பக்கத்தால் அவன் பந்தைக் கொண்டுவந்தால் கனகலிங்கம் கோல் கோட்டில் நிற்கமாட்டாமல் முன்னே ஓடிவருவார். இரண்டு வருஷம் அடுத்தடுத்து நாவலடியை வெண்கரை தோற்கடித்தது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் குகதாசன் மூன்று பள்ளிக்கூடம் மாறியவன் என்று ஒரு கதை அடிபட்டது. அவன் உண்மையில் வெண்கரைதானா என்று நாவலடி ஆட்கள் கிசுகிசுத்தார்கள்.

கனகலிங்கம் கிசுகிசுப்பவர் அல்ல, எழுதுகிறவர். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, எல்லாக் கல்லூரிக்காரரும் கூடுகிற பொதுக்கூட்டத்துக்கு அவர் ஒரு விதித் திருத்தத்தைக் கொண்டுபோனார். ஒருவர் எந்தக் கல்லூரியில் கூடுதலான காலம் படித்தாரோ அந்தக் கல்லூரிக்கு மட்டுமே விளையாடலாம். இவ்வளவுதான் திருத்தம். இது யாருக்கு வெட்டின குழி என்று மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஆட்கள் கூட்டங்களில் ஒருவனைப் பேர் சொல்லித் தாக்கமாட்டார்கள், கொள்கையால்தான் தாக்குவார்கள். கல்லூரியின் மானம், போட்டியின் தூய்மை, வருங்காலச் சந்ததி என்று ஆளுக்காள் எழும்பிப் பேசினார்கள். வெண்கரைக்காரர்கூடத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது கிறிஸ்துராஜா எழும்பினார். குரலை உயர்த்தாமல், "அப்ப உங்கட றெஜினோல்ட்?" என்று மட்டும் கேட்டார்.

கனகலிங்கம் அதை யோசிக்காமல் வந்தவர் இல்லை. யோசித்தும் ஓரமாய் ஒதுக்கி வைத்திருந்தார். 'ஏற்கெனவே விளையாடி வருபவர்கள் நீங்கலாக' என்று நாலு சொல் சேர்த்தால் றெஜினோல்ட் தப்புவான். ஆனால் குகதாசனும் தப்புவான். முழு மண்டபமும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. தன் ஆள் என்றதும் இந்த மனுஷன் வளைகிறாரா பார்ப்போம் என்ற பார்வை. அந்தப் பார்வையைத்தான் கனகலிங்கத்தால் தாங்க முடியாது.

"விதி எண்டா எல்லாருக்கும் விதிதான். என்ர ஆள், உன்ர ஆள் எண்டு பார்க்கேலாது," என்றார்.

கை தட்டினார்கள். நல்லாய்த் தட்டினார்கள். திருத்தத்துக்கு ஆதரவாய்க் கை உயர்த்தச் சொன்னபோது முதலில் உயர்ந்தது கனகலிங்கத்தின் கை. றெஜினோல்ட் அன்று கூட்டத்துக்கு வரவில்லை, அவனுக்கு ஷிப்ட்.

வீட்டுக்கு வந்து நடந்ததை அவர் நிமிர்ந்திருந்து சொல்ல, சிவமலர் கேட்டது ஒன்றே ஒன்று. "றெஜி அண்ணையிட்டை முதல் கேட்டனீங்களோ?"

சனிக்கிழமை நேரில் போய்ச் சொல்லலாம் என்றார். இதில் என்ன வந்தது, சென் கிளமென்ற்ஸ்காரர் அவனை மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு போவார்கள், கிறிஸ்துராஜா அன்றைக்கே வீடு தேடிப் போனவர்தானே என்றார். சிவமலர் எழும்பிப் போய்ச் சோற்றைச் சூடாக்கினாள்.

சனிக்கிழமை வரைக்கும் செய்தி காத்திருக்குமா? மறுநாளே ஹீத்ரோவில் பெட்டி ஏற்றிக்கொண்டிருக்கும்போது யாரோ றெஜினோல்டுக்குச் சொல்லிவிட்டார்கள். கனகலிங்கம் போன் எடுத்தபோது அவன் கோபமாய்ப் பேசவில்லை. கோபமாய்ப் பேசியிருந்தால் அவருக்கு எவ்வளவோ சுகமாய் இருந்திருக்கும்.

"நீயே கை தூக்கினனீ?" என்று கேட்டான். அவர் ஓம் என்றார்.

"கூட்டத்துக்கு முதல் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானே விலகியிருப்பன், மச்சான்."

சென் கிளமென்ற்ஸ்காரர் மாலையோடு வரவில்லை. அணி தெரிவு செய்தாயிற்று, இந்த வருஷம் இடமில்லை என்று மரியாதையாய்ச் சொல்லி அனுப்பினார்கள். இவ்வளவு காலமும் எங்கள் வலைக்குள் அடித்தவனுக்கு எங்கள் சட்டையா என்று அவர்களுடைய பெடியன்கள் கேட்டார்களாம். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. எல்லாரிடமும் ஒவ்வொரு நியாயம் இருந்தது, றெஜினோல்டுக்குத்தான் இடம் இருக்கவில்லை.

அந்த ஓகஸ்டில் வெண்கரை அணியின் இடது பக்கத்தில் குகதாசன் நின்றான். விசாரித்துப் பார்த்தால் அவன் முதலாம் வகுப்பிலிருந்தே வெண்கரையில் படித்தவன். மற்ற இரண்டு பள்ளிக்கூடத்திலும் இடம்பெயர்ந்து போய்ச் சில மாதம் ஒதுங்கியிருந்தான், அவ்வளவே. கனகலிங்கம் சொல்லுக்குச் சொல் நிறுத்து எழுதிய விதி, லண்டனிலிருந்த அத்தனை கல்லூரி அணிகளிலும் தடுத்தது ஒரே ஒருவனைத்தான்.

அவனும் அன்று மைதானத்துக்கு வந்திருந்தான், அருமைநாயகியோடு. வெள்ளைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டிருந்தான். மைதானத்தின் ஓரத்தில் கல்லூரிக்கொரு கூடாரம். அந்தந்தக் கல்லூரிக்காரர் குடும்பத்தோடு உள்ளே இருந்து றோல்ஸும் கொத்து ரொட்டியும் சாப்பிடுவார்கள். எந்தக் கூடாரத்துக்குள் போவது என்று தெரியாமல் அவர்கள் இரண்டு பேரும் ஐஸ்கிறீம் விற்கிற வான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்ற கனகலிங்கத்துக்கு அது நன்றாய்த் தெரிந்தது. போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து பச்சைக் கூடாரத்துக்குள் இருத்தலாம் என்று நினைத்தார். ஆட்டம் நடக்கும்போது கோல்காப்பாளர் போகமுடியாது. இடைவேளையில் போகலாம் என்று இருந்தார். இடைவேளையில் திரும்பிப் பார்க்க, வானுக்குப் பக்கத்தில் வேறு யாரோ நின்றார்கள்.

இறுதிப்போட்டியில் குகதாசன் இரண்டு அடித்தான். நாவலடியால் ஒன்றுகூடத் திருப்பி அடிக்க முடியவில்லை.

அடுத்த வேனிலில் சிவமலர் விடாமல் நச்சரித்து, ஒரு பெட்டி மாம்பழத்தையும் கையில் கொடுத்து, கனகலிங்கத்தை ஹவுன்ஸ்லோவுக்கு அனுப்பினாள். விதியைத் திரும்ப எடுக்க நானே பிரேரணை கொண்டுவாறன் என்று சொல்லத்தான் அவர் போனார். வழி முழுக்க அதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். கதவைத் திறந்த றெஜினோல்ட், "வாங்கோ, உள்ள வாங்கோ. இருங்கோ," என்றான்.

பள்ளிக்கூட வாங்கில் தொடங்கி அன்றுவரை 'வாடா'வைத் தவிர வேறு சொல் அவனிடமிருந்து அவர் கேட்டதில்லை. அந்த 'வாங்கோ'வுக்குப் பிறகு சொல்லக் கொண்டுபோனது வாயில் வரவில்லை. மழையைப் பற்றிக் கதைத்தார்கள். விமானச் சத்தத்தில் நித்திரை கொள்ள முடிகிறதா என்று அவர் கேட்க, பழகிவிட்டது என்று அவன் சொன்னான். அருமைநாயகி நல்ல தேநீர் கொடுத்தாள், கேக் கொடுத்தாள், ஒரு குறையும் வைக்கவில்லை. திரும்பி வரும்போது பிக்கடில்லி லைன் ரயிலில், ஆட்கள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல், கனகலிங்கம் அழுதார். நாற்பது வயதில் ஒரு மனிதன் தன் ஒரேயொரு சிநேகிதனைக் கைதட்டலுக்கு விற்றுவிட்டான் என்று அவருக்கே தெரிந்தது.

தெரிந்தும் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. அந்த மண்டபத்தில், கைதட்டிய அதே ஆட்களின் முன்னால் எழும்பி, நான் எழுதினது பிழை என்று சொல்லவேண்டும். அடுத்த கூட்டத்தில் சொல்லலாம் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் போனார். ஒவ்வொன்றிலும் கடைசி வரிசையில் இருந்துவிட்டு வந்தார்.

தொண்ணூற்றாறு ஐப்பசியில் றெஜினோல்ட் வேலைத்தலத்திலேயே சரிந்து விழுந்தான். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகமுன் முடிந்துவிட்டது.

லண்டனில் எங்கள் ஆட்கள் செத்தால் ஒரு வழக்கம் உண்டு. படித்த கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் தமிழ்ப் பத்திரிகையில் கண்ணீர் அஞ்சலி போடும், கல்லூரிக் கொடியைக் கொண்டுவந்து சவப்பெட்டியின்மேல் போர்த்தும். விளையாட்டுக்காரன் என்றால் இது கட்டாயம். கனகலிங்கம் நாவலடிச் சங்கத்தின் புதுச் செயலாளர் ஸ்ரீஸ்கந்தராஜாவிடம் ஓடினார். அவர் இளம் ஆள், மரியாதை தெரிந்தவர்.

"அண்ணை, நீங்கள் எழுதின விதிதானே. அந்த விதிப்படி அவர் எங்கட ஆள் இல்லை. இப்ப நாங்களே அதை மீறினா ஆர் எங்களை மதிப்பினம்?"

அடுத்ததாய்க் கிறிஸ்துராஜாவிடம் போனார். கிறிஸ்துராஜா அவரை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். எங்கள் பிள்ளைதான், ஆனால் எங்கள் சட்டையை ஒருநாளும் போடாதவன், எங்கள் ஆட்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்றார். இரண்டு கல்லூரியில் படித்தவனுக்குச் சாவில் ஒரு கல்லூரியும் இல்லாமல் போனது.

கொடி கிடைக்காத கனகலிங்கம் வீட்டில் மடித்து வைத்திருந்த பச்சைச் சட்டைகளுக்குள் ஒன்பதாம் இலக்கத்தைத் தேடி எடுத்தார். சிவமலர் அதைச் சுருக்கம் போக மினுக்கிக் கொடுத்தாள். ஹவுன்ஸ்லோவில் அன்று மழைத்தூறல். கோயில் வாசலில் பெட்டியை இறக்க முன்னம் அவர் அருமைநாயகிக்குப் பக்கத்தில் போய், பையைத் திறந்து சட்டையைக் காட்டி, இதைப் போர்த்தட்டோ என்று கேட்டார். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். குரலில் கோபம் இல்லை.

"உந்தச் சட்டையை உள்ள வையுங்கோ அண்ணை. அவர் நாவலடிக்கெண்டு விளையாடேல்லை. நீங்கள் கூப்பிட்டனீங்கள் எண்டுதான் விளையாடினவர்."

பெட்டி மேலே ஒன்றும் போர்த்தாமல், பூவோடு மட்டும் உள்ளே போனது. கனகலிங்கம் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைசி வாங்கில் இருந்தார். பூசை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று அவருக்குத் தெரியாது.

அடுத்த வருஷப் பொதுக்கூட்டத்தில் வெண்கரைக்காரர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். பெடியன்கள் கனடா, ஜெர்மனி என்று சிதறிப்போக எந்த அணிக்கும் ஆள் காணாது, கூடிய காலம் படித்த கல்லூரி என்ற விதியை எடுத்துவிடுவோம் என்றார்கள். கொள்கை பேச ஒருவரும் எழும்பவில்லை. எதிர்ப்பு உண்டா என்று தலைவர் கேட்டார். இல்லை. கைகள் உயர்ந்தன, இறங்கின. கனகலிங்கம் மூன்று வருஷமாய்ச் சொல்லச் சேர்த்து வைத்திருந்தது எதுவும் யாருக்கும் தேவைப்படவில்லை. தேநீர் ஆறமுன் காரியம் முடிந்துவிட்டது.

புது விதியை அவரே எழுதித் தரவேண்டும் என்று ஸ்ரீஸ்கந்தராஜா கேட்டார். அவரைப்போல வடிவாய் எழுத வேறு ஆள் இல்லை என்றார். மற்றவர்கள் றோல்ஸ் எடுக்கப் போக, கனகலிங்கம் மேசையில் தனியாய் இருந்து எழுதினார். ஒரு கல்லூரியில் ஒருநாள் படித்திருந்தாலும் அந்தக் கல்லூரிக்கு விளையாடலாம்.

எழுதி முடித்ததும் பேனையை மூடாமல் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். றெஜினோல்ட் நாவலடியில் இரண்டு வருஷம் படித்தவன்.